ஆயாக்கொட்டகை ஸ்பீக்கரைப் பற்றி தினாவுக்கு

தினா,

இதை உன் வாட்சப்புக்கு அனுப்பாமல் நம் கோயில் திருவிழா மலருக்குக் கொடுத்திருக்கிறேன். காரணம் உனக்கே தெரியும். நான் நீளமாக எதையாவது அனுப்பினால் நீ திறக்கிறாய், நீலக் கோடு விழுகிறது, உடனே ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. நீலக் கோடு விழுந்தால் மகன் படித்துவிட்டான் என்று உன் அப்பா நம்புவார். நான் நம்ப மாட்டேன். மலரில் வந்தால் எஸ்டேட்டே படிக்கும், கம்போங் ராஜா கடைக்காரர்கள் படிப்பார்கள், உன் மாமனார் வீட்டிலும் படிப்பார்கள். அவர்களில் ஒருவராவது உன்னைக் கூப்பிட்டு, "உங்கம்மா என்னமோ எழுதிருக்காங்களே, பாத்தியா?" என்று கேட்காமலா இருப்பார்? அப்போது நீ தேடிப்பிடித்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

கல்யாணம் முடிந்து சுபாவோடு நீ சிங்கப்பூருக்குக் கிளம்பிய காலையில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு காரியம் சொன்னாய். ஒன்று, எங்கள் ஆபீசில் நீ மாட்டிக் கொடுத்த ஸ்பீக்கர்களுக்கு யூனிகாஸ்ட் வைப்பதா மல்டிகாஸ்ட் வைப்பதா என்று மேனேஜர் துரையிடம் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். இப்போதைக்கு மல்டிகாஸ்டில் விட்டிருக்கிறேன் என்றாய். இன்னொன்று, "தெனைக்கும் போன் பண்ணாதீங்கம்மா. எல்லாத்தையும் ஃபேமிலி குரூப்ல போட்டுடுறேன்லா. நீங்களும் பாத்துக்கலாம், அக்காவும் பாத்துக்கலாம்." நான் தலையாட்டினேன். தலையாட்டினால் ஒத்துக்கொண்டதாக நீ நினைத்தது உன் தவறு. முதல் காரியத்தைத் துரையிடம் சொன்னேன். அவர், "தெனமும் மைக்குல பேசுறது நீங்கதானே, கிராணியம்மா, நீங்களே சொல்லுங்க" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார். சரி, சொல்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, நீ பொறுத்துக்கொள். நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணி. கணக்கு பார்ப்பது போக, காலையில் மைக்கைப் பிடித்து இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து பறிக்கிறார்கள், எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள், யார் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை சொல்வதும் என் வேலை. ஆபீஸ் மேட்டில் இருக்கிறது. ஸ்பீக்கர்களில் பாதி பள்ளத்துக்கு அந்தப் பக்கம், கீழ் டிவிஷனில் இருக்கின்றன. கிளினிக்கில் ஒன்று, உரக் கொட்டகையில் ஒன்று, தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் ஒன்று, தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்வதியிடம் விட்டுப் போகிற ஆயாக்கொட்டகையில் ஒன்று. அந்தக் கொட்டகைக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு நிற்கிறது. பெருமழை பிடித்தால் நான் மைக்கில் சொன்ன உடனே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு ஏறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. லெம்பா பெர்த்தாமில் சேறு வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் நாம். எனக்கு மற்ற ஸ்பீக்கர்கள் எப்படியோ போகட்டும். அந்த ஒன்று பேச வேண்டும்.

நீ முதலில் வைத்துக் கொடுத்தது யூனிகாஸ்ட். நான் மைக்கை அமுக்கினால் ஆபீஸ் பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கூப்பிடும். அது எடுத்துக்கொண்டதும் திரையில் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும். அந்தப் பச்சைப் புள்ளிகளை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதை யார் யார் வாங்கிக்கொண்டார்கள் என்று கண்ணால் பார்த்தேன். உங்களை வளர்த்த காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும். ஆனால் பள்ளத்தைத் தாண்டிக் கம்பி கிடையாது. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குக் காற்றில்தான் போகிறது. ஒரே பேச்சு ஸ்பீக்கருக்கு ஒரு பிரதியாக அந்தச் சின்ன வழியில் முண்டியடிக்க, காமெராப் படங்களும் அதிலேயே வர, மழை பிடித்தால் அந்த வழி இன்னும் இளைத்துப்போக, என் குரல் வெட்டி வெட்டி விழுந்தது. லயத்தில் ஒருத்தி, "கிராணியம்மாவுக்கு விக்கலா?" என்று கேட்டாளாம். யார் என்று தெரியும், பெயர் போடவில்லை.

அப்போதுதான் நீ மல்டிகாஸ்ட் என்றாய். ஒரே பேச்சு, ஒரே பிரதி. பள்ளத்தை ஒருமுறைதான் தாண்டும். அந்தப் பக்கம் போனபின் யார் யாருக்கு வேண்டுமோ அவர்கள் பக்கம் பிரிந்து போகும். "நீங்க ஒரு தடவ சொன்னா போதும்லா. யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்குவாங்க." நான் கேட்ட முதல் கேள்வி, பச்சைப் புள்ளி வருமா? "அது வராதும்மா." அப்படியானால் கேட்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? "கேக்கும்மா, கேக்கும்." இந்தக் 'கேக்கும்மா'வை நான் உன் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்துவருகிறேன். இரண்டாவது கேள்வி, யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், ஆபீஸ் கம்பியில் எவனாவது தன் பெட்டியைச் செருகி உட்கார்ந்து கேட்டால்? நீ சிரித்தாய். "நீங்க மருந்தடிக்கிற மலைய சொல்றத எவன்மா ஒட்டுக் கேக்கப் போறான்?" யாரும் கேட்க மாட்டான்தான். ஆனாலும் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தச் சண்டையில் நான் ஏன் அவ்வளவு முறுக்கிக்கொண்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உன் கல்யாணப் பத்திரிகை விவகாரம் அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. நம்மில் கல்யாணத்துக்குச் சொல்வதென்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை வைத்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய், உட்கார்ந்து, காப்பித்தண்ணி குடித்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் தாம்பாளத்தைத் துலக்கி முடிப்பதற்குள் நீ பத்திரிகையைப் படம் எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாய். ஒரே அமுக்கு, எல்லாருக்கும் போய்விட்டது என்று பெருமை வேறு. பிறகு நான் தாம்பாளத்தோடு கோலா தெர்லாவுக்கு என் தம்பி வீட்டுக்குப் போனால், உன் தாய்மாமன், மாலை எடுத்துத் தர வேண்டியவன், தோட்டத்தில் தக்காளிச் செடியைக் கட்டிக்கொண்டு திரும்பியே பார்க்கவில்லை. "குரூப்ல பாத்தேன்க்கா. எனக்கா சொன்னீங்க? ஊருக்குல்ல சொன்னீங்க." அவன் பெண்டாட்டி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள், அவன் வாங்கவில்லை. நான் மூன்று தடவை நடந்தபின்தான் வந்தான். வந்தவனும் சாப்பிட்டானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். இலையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன், எழுந்ததைப் பார்க்கவில்லை.

இருந்தாலும் மழையில் என் குரல் உடைவது உண்மை என்பதால் மல்டிகாஸ்டைப் போட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டேன். நீ கிளம்புவதற்கு முன்னால் கீழே போய் ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போட்டுப் பார்த்தாய். ஆயாக்கொட்டகையில் காமெரா புதிதாக வைத்ததால் அங்கே பேச்சைக் கம்பிகளுக்குப் பிரித்துவிடும் பழைய சுவிட்ச் பெட்டியைக் கழற்றிவிட்டு ஒரு புது சுவிட்ச் மாட்டினாய். பழையது வந்ததை எல்லாப் பக்கமும் வீசும், இது புத்திசாலி, கேட்கிறவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் மட்டும்தான் அனுப்பும் என்றாய். நான் மேலிருந்து பேசினேன். நீ கீழிருந்து போனில், "ஜோரா கேக்குதும்மா, ரேடியோல பேசுற இளையராணி மாதிரி இருக்கு" என்றாய். யார் அந்த இளையராணி என்று கேட்டேன், சும்மா சொன்னேன் என்றாய். கொட்டகையில் பிள்ளைகள் கைதட்டிய சத்தம் எனக்கே கேட்டது. உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பெருமைதான், அதை இப்போது சொல்லிவிடுகிறேன். அன்று சொல்லாமல் விட்டதற்குக் காரணம், வைத்த அன்றைக்கு வேலை செய்வது பெரிய விஷயமில்லை என்று எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்ததுதான்.

நீ போன மறுவாரம் மத்தியானத்தில் மழை பிடித்தது. குன்று தெரியவில்லை, தொழிற்சாலைக் கூரை தெரியவில்லை, ஆபீஸ் வாசல் படி மட்டும் தெரிந்தது. துரை எட்டிப்பார்த்து, சொல்லிடுங்க என்றார். நான் மைக்கை எடுத்தேன். "மழ பெருசா வருது. கொழுந்த விட்டுட்டு எல்லாரும் ஏறிடுங்க. பார்வதி, புள்ளைங்கள மண்டபத்துக்குக் கொண்டு போயிரு." அதையே மலாயில், "ஹுஜான் லெபாட், செமுவா நாயேக்." ஒரு தடவை, இரண்டு தடவை. என் குரல் உடையவில்லை. பச்சைப் புள்ளியும் இல்லை. திரை வெறுமனே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கிளினிக்கிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி போனில் கூப்பிட்டு, கொழுந்துக்காரர்கள் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள், பங்களாதேஷ் பையன்களும் வந்துவிட்டார்கள் என்று சொன்னாள். ஆயாக்கொட்டகை? "அவங்க இந்நேரம் போயிருப்பாங்க கிராணியம்மா." போயிருப்பார்கள். இந்த 'இருப்பார்கள்' என்ற சொல் எனக்கு ஆகாது. பார்வதிக்குப் போன் போட்டேன், மழையில் லைன் கிடைக்கவில்லை. துரை, எல்லாருக்கும் கேட்டிருக்கும்போது அங்கே மட்டும் கேட்காமலா இருக்கும் என்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு ஃபோர்வீல் ஜீப்பில் ஏறி, டிரைவரைக் கீழே விடச் சொன்னேன்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளைகள் பாயில் வரிசையாகப் படுத்துத் தூங்குகிறார்கள். பார்வதி பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் நான் உள்ளே வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தேன். மேட்டிலிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. என் மகன் வைத்த ஸ்பீக்கர் சுவரில் சின்னப் பச்சை விளக்கோடு, ஒன்றுமே தெரியாதது போல உட்கார்ந்திருந்தது. நானும் பார்வதியும் டிரைவரும் கைக்கு ஒன்றாகப் பிள்ளைகளைத் தூக்கி, தூக்கக் கலக்கத்தில் அழுகிறவர்களை ஃபோர்வீலில் அடைத்து, இரண்டு நடையாக மண்டபத்தில் சேர்த்தோம். மேடு சரியவில்லை. பின்பக்க வாய்க்கால் மண்ணால் நிரம்பியது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லையே, விடுங்க என்றார் துரை. ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது.

மண்டபத்தில் ஈரப் புடவையோடு நின்று முதலில் பார்வதியைத்தான் பிடித்தேன். "பிள்ளைங்க தூங்கணும்னு வோலியூம கொறச்சி வச்சியா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் ஏன் கொறைக்கிறேன்? காலையிலேருந்து அது மூச்சே விடல. நீங்கதான் இன்னைக்கு ஒண்ணும் பேசலையாக்கும்னு நெனச்சேன்." காலையில் பேசினேனே! "ஒங்களுக்குப் பேசுனது தெரியும், எனக்குக் கேக்காதது தெரியும்லா. ரெண்டுல எதுனு ஒங்க மவனக் கேளுங்க." நேற்று கேட்டதா என்றேன். நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை. அப்போதே வந்து ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கதானே கேக்கணும் என்கிறாள். அவள் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்த வோலியூம் திருகு கையெட்டும் உயரத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அடுத்த தடவை வரும்போது மேலே ஏற்றி வை.

அன்று நீ ஆபீஸ் முடிந்து கூப்பிட்டாய். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே எங்கள் ஆபீஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாய். நீ திறக்க முடிந்தால் வேறு யார் யார் திறக்க முடியும் என்று அன்றே கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை, அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். பார்த்துவிட்டு, "சாரிம்மா, என் தப்புதான்" என்றாய். நீ விளக்கியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். தப்பாக இருந்தால் திருத்து. ஸ்பீக்கரில் மின்சாரம் வந்ததும் அது ஒருமுறை, எனக்கு வேண்டும் என்று சொல்லும். அந்தப் புத்திசாலி சுவிட்ச் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் அனுப்பும். ஆனால் அதன் ஞாபகம் சில நிமிஷத்துக்குத்தான். அதற்குள் யாராவது, இன்னும் இருக்கிறீர்களா, இன்னும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். கேட்டால் ஸ்பீக்கர், இருக்கிறேன் என்று சொல்லும், அனுப்புவது தொடரும். கேட்க ஆள் இல்லையென்றால் ஸ்பீக்கரும் சொல்லாது. அங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்டி சுவிட்ச் வழியை அடைத்துவிடும். அப்படிக் கேட்கிற வேலையை மேலே உள்ள பெரிய சுவிட்சுக்குக் கொடுத்திருக்க வேண்டும், நீ கொடுக்க மறந்துவிட்டாய். மற்ற இடங்களில் பழைய சுவிட்ச், எல்லாப் பக்கமும் வீசுவதால் கேட்டது. நீ போட்டுப் பார்த்த நேரத்தில் கொட்டகையிலும் கேட்டது. நீ கொட்டகைப் படி இறங்கி மேலே ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள் அது அடைத்துக்கொண்டிருக்கும்.

நான் உன்னைத் திட்டவில்லை. நீயே உன்னைத் திட்டிக்கொண்டாய், போதும். "பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று நீ கேட்டபோது உன் குரல் சின்ன வயதில் கண்ணாடி தம்ளரை உடைத்துவிட்டு நிற்பாயே, அந்தக் குரல். அந்த இரவு சுபா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள், நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய் என்று. குரூப்பில் நீ போட்டிருந்தது மெரினா பே பக்கத்தில் எடுத்த சிரித்த படம். பார்த்தாயா? குரூப்பை நான் ஏன் நம்புவதில்லை என்று இப்போது புரிகிறதா?

சரி, துரைக்கு என் முடிவு. அறிவிப்பு எல்லாம் மல்டிகாஸ்டிலேயே போகட்டும். என் குரல் மழையில் உடையாமல் போகிறது, அது நல்லது, அதை மறுக்க மாட்டேன். இன்னும் வேண்டுமா என்று கேட்கிற வேலையைப் பெரிய சுவிட்சுக்கு நீ கொடுத்துவிட்டாய், அது விடாமல் கேட்கிறதா என்று நீ அவ்வப்போது பார். ஆனால் ஆயாக்கொட்டகை ஸ்பீக்கரை மட்டும் யூனிகாஸ்டில் தனியாகவும் கூப்பிட வேண்டும், அதற்கு ஒரு பச்சைப் புள்ளி எனக்கு வேண்டும். ஒரே ஒரு பிரதி கூடுதலாகப் போவதால் அந்தப் பள்ளம் தூர்ந்துவிடாது. அது போக, நான் பேசியதும் பார்வதி வாசல் விளக்கைப் போட வேண்டும், மேட்டிலிருந்து எனக்குத் தெரியும். "ஸ்பீக்கர் வச்சி, காமெரா வச்சி, இப்ப விளக்கும் வைக்கணுமா?" என்றாள். வைக்கணும் என்றேன். பனி இறங்கி விளக்கு தெரியாத நாளில் போன் அடிப்பேன், போன் கிடைக்காவிட்டால் ஃபோர்வீல் இருக்கிறது. துரை இதைக் கேட்டுவிட்டு, உங்க மகன் பாவம் என்றார்.

பாவம்தான். ஈப்போவில் நீ ஹாஸ்டலில் இருந்தபோது தினமும் போன் போட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று நீ சொன்னால் என்ன குழம்பு என்றும் கேட்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் மீன் குழம்பு என்று சொல்லி மாட்டிக்கொண்டாய். உங்கள் ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை சைவம் என்பதை நான் வார்டனிடம் முன்பே கேட்டுவைத்திருந்தேன். அன்று பணத்தைத் தொலைத்துவிட்டு மூன்று வேளையாகப் பட்டினி கிடந்ததை நீ சொன்னது அதற்கப்புறம்தான். உன் அப்பா அன்று ஓட்டிக்கொண்டிருந்த லோரியை அப்படியே ஈப்போவுக்குத் திருப்பினார். நீ இதையெல்லாம் அம்மாவின் சந்தேகப் புத்தி என்கிறாய். சந்தேகம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ அன்று விளக்கியபோது எனக்கு ஒன்று தோன்றியது. அந்தப் பெரிய சுவிட்சுக்கு நீ கொடுத்த வேலையை நான் உனக்கு இத்தனை வருஷம் சம்பளமில்லாமல் பார்த்திருக்கிறேன். கேட்காமல் விட்டால் எந்தப் பக்கத்து வழி எப்போது அடைத்துக்கொள்ளும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது, தினா. உன் பக்கமா என் பக்கமா என்று தெரியாது. அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

ஆகவே உன் இரண்டாவது காரியத்துக்கும் பதில் இதுதான். குரூப்பில் படம் போடு, பார்க்கிறேன், உன் அக்காவும் பார்க்கட்டும். ஆனால் சாயங்காலம் நான் கூப்பிடுவேன். நீ கதை சொல்ல வேண்டாம், மீட்டிங்கில் இருந்தால் அரை நிமிஷம் வெளியே வந்து, "இருக்கேன்ம்மா" என்று மட்டும் சொல். அதற்கு மேல் ஒன்றும் துருவ மாட்டேன். என்ன குழம்பு என்றுகூடக் கேட்க மாட்டேன்.

கேட்க மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். நம்பிவிடாதே.

அம்மா